நிலக் கிரயமும் மெய்விலையும்

நிலம் வாங்குதல் குடியானவர் ஒருவரின் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோ நேரும் காரியம். விதை வாங்கும்போது அதன் முளைப்புத்திறனை விசாரிக்கிறோம். உழவு மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டும் பார்க்கிறோம். ஆனால் பல வருஷச் சேமிப்பைக் கொடுத்து ஒரு ஏக்கர் நிலத்தைக் கிரயம் பெறும்போது, பத்திரத்தில் என்ன விலை எழுதப்படுகிறது என்பதை மாத்திரம் பத்திரம் எழுதுபவரின் யோசனைக்கே விட்டுவிடுகிறோம். "வழிகாட்டி மதிப்பு எவ்வளவோ அவ்வளவு போட்டுக்கொள்ளலாம், செலவு மிச்சம்" என்று யாரேனும் சொன்னால், அதுவே வழக்கம் என்று சம்மதித்துவிடுகிறோம். இவ்வழக்கத்தினால் மிச்சமாவது எவ்வளவு, நஷ்டமாவது எவ்வளவு, நஷ்டப்படுபவர் யார் என்பவற்றைக் கணக்கிட்டுக் காட்டுவதும், நிலத்தின் மதிப்பைச் சரியாக எழுதி நிலைநாட்டுவதற்கு வேண்டிய ஆவணங்கள் எவை என்று விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் கேட்பது யாது?

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைக் கிரயம் செய்தால் அப்பத்திரத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் விதி. பின் கூறிய சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒவ்வொரு குடியானவரும் அறிந்திருக்கத் தக்கது. கொடுக்கல் வாங்கலான தொகை, சொத்தின் சந்தை மதிப்பு, தீர்வையைப் பாதிக்கக்கூடிய மற்ற விவரங்கள் ஆகிய யாவும் பத்திரத்தில் முழுமையாகவும் உண்மையாகவும் எழுதப்பட வேண்டும் என்று அப்பிரிவு விதிக்கிறது. ஆகவே மெய்விலையை எழுதுதல் ஒருவருடைய பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமன்று. அது சட்டக் கடமை.

முற்காலத்தில் பத்திரத்தில் எழுதிய தொகையின்மீதே தீர்வை கணக்கிடப்பட்டு வந்தது. தொகையைக் குறைத்து எழுதும் வழக்கம் பெருகவே, நமது மாநிலத்தில் 1967-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் முத்திரைச் சட்டத்தில் 47-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கிரயம், பரிவர்த்தனை, தானம், செட்டில்மெண்டு முதலிய பத்திரங்களில் சந்தை மதிப்பு உண்மையாக எழுதப்படவில்லை என்று நம்பக் காரணமிருந்தால், சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்தபின், மதிப்பைத் தீர்மானிக்கும்படி அதனை மேலதிகாரிக்கு அனுப்பலாம். இப்பொழுது அவ்வதிகாரம் முத்திரைத் தனித்துணை ஆட்சியரால் செலுத்தப்பட்டு வருகிறது. சந்தை மதிப்பு என்பது, பத்திரம் எழுதிக் கையொப்பமிட்ட நாளில் அந்நிலத்தைப் பகிரங்கமாக விற்றால் என்ன விலை கிடைக்குமோ அந்த விலை. மூன்று வருஷத்திற்கு முன் பேசி முன்பணம் கொடுத்த விலையன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

வழிகாட்டி மதிப்பு என்பது யாது?

சார்பதிவாளர் ஒவ்வொரு நிலத்தையும் நேரில் சென்று மதிப்பிட இயலாதாகையால், சர்வே எண் வாரியாகவும் தெரு வாரியாகவும் ஒரு மதிப்புப் பட்டியல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. இதுவே வழிகாட்டி மதிப்பு. பதிவுத் துறையின் இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்து எவரும் இதனைப் பார்த்துக்கொள்ளலாம். இம்மதிப்புகள் நிலையானவை அல்ல. 2012, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் அவை மாற்றப்பட்டன. ஆதலால் சென்ற ஆண்டில் அண்டை வீட்டார் சொன்ன தொகையை நம்பாமல், பத்திரம் எழுதும் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இப்பட்டியலின் பெயரே அதன் தன்மையை உணர்த்துகிறது. அது வழிகாட்டியேயன்றி முடிவான விலையன்று. 2003-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும், நமது மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், வழிகாட்டி மதிப்பு முதற்பார்வைக்கு உதவும் அளவுகோலேயன்றி இறுதியானதன்று என்று கூறியிருக்கிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். மெய்விலை வழிகாட்டி மதிப்பைவிட அதிகமாயிருந்தால், வழிகாட்டி மதிப்பை எழுதுவதனால் 27-ஆம் பிரிவின் கடமை தீர்ந்துவிடாது. மெய்விலை அதைவிடக் குறைவாயிருந்தால், தக்க சான்றுகளைக் காட்டி அக்குறைவை நிலைநாட்டும் உரிமை குடியானவருக்கு உண்டு. முதலாவதைப் பற்றி முதலில் ஆராய்வோம்.

மிச்சம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமத்தில் கிணற்றுப் பாசனமுள்ள புஞ்சை ஏக்கர் 12 லட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது. வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு முதல் கிரயப் பத்திரத்திற்கு நூற்றுக்கு 7 ரூபாய் தீர்வையும், நூற்றுக்கு 2 ரூபாய் பதிவுக் கட்டணமும் ஆக 9 ரூபாய் செலவாகிறது. மெய்விலையான 12 லட்சத்தை எழுதினால் செலவு 1,08,000 ரூபாய். 7 லட்சம் என்று எழுதினால் 63,000 ரூபாய். மிச்சம் 45,000 ரூபாய். வேறு ஏற்பாடு இல்லாவிடில் தீர்வை செலுத்தும் பொறுப்பு வாங்குபவருடையதாகையால், இம்மிச்சமும் வாங்குபவரையே சேரும். விற்பவருக்கு இதில் யாதொரு லாபமும் இல்லை.

இனி, இரண்டு மூன்று வருஷங்கள் கழித்து அக்கிராமத்தின் வழியே ஒரு சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப்படுகிறது என்று கொள்வோம். 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் அமலில் இருந்து வருகிறது. அதன் 26-ஆம் பிரிவு, நிலத்தின் சந்தை மதிப்பை எவ்விதம் காண வேண்டுமென்று விவரிக்கிறது. முத்திரைச் சட்டத்தின்படி பத்திரப் பதிவுக்கென வகுத்துள்ள மதிப்பு ஒன்று. அண்டையிலுள்ள அதே மாதிரியான நிலங்களின் சராசரிக் கிரய விலை மற்றொன்று. சம்மதத்தின்பேரில் சில வகை எடுப்புகளில் ஒப்புக்கொண்ட தொகை வேறொன்று. இவற்றுள் எது அதிகமோ அதுவே மதிப்பாகும். சராசரி விலை காண்பதற்கு, நிலம் எடுக்க உத்தேசிக்கும் ஆண்டிற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களும் கிரய உடன்படிக்கைகளும் பார்க்கப்படும். அவற்றுள் அதிக விலை எழுதப்பட்ட பாதிப் பத்திரங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் சராசரியையே கொள்ள வேண்டும் என்பது விதி.

நமது உதாரணக் கிராமத்தில் அந்த மூன்று ஆண்டுகளில் ஆறு கிரயங்கள் நடந்தன என்போம். மெய்யான விலை எல்லாவற்றிலும் ஏக்கருக்கு 12 லட்சமே. ஆனால் ஆறு பத்திரங்களிலும் 7 லட்சம் என்று எழுதப்பட்டிருந்தால், மேற்பாதியான மூன்றின் சராசரியும் 7 லட்சம்தான். வழிகாட்டி மதிப்பும் 7 லட்சம். ஆகவே சர்க்கார் கொடுக்கத்தக்க அடிப்படை மதிப்பு ஏக்கருக்கு 7 லட்சம். இதற்குச் சமமான ஆறுதல் தொகையைச் சட்டப்படி சேர்த்தால் 14 லட்சம். மெய்விலை எழுதப்பட்டிருந்தால் அடிப்படை 12 லட்சம். ஆறுதல் தொகையுடன் 24 லட்சம். வித்தியாசம் ஏக்கருக்கு 10 லட்சம் ரூபாய். ஊரகப் பகுதிகளில் அடிப்படை மதிப்பை ஒரு காரணியால் பெருக்கும் முறையும் உண்டாகையால், அதைச் சேர்த்தால் வித்தியாசம் பின்னும் மிகும். ஒருவர் 45,000 ரூபாயை மிச்சம் பிடித்ததன் பலன் இது.

இங்கே இன்னொன்றையும் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். இந்த 10 லட்சத்தை இழப்பவர் குறைத்து எழுதியவர் மாத்திரமல்லர். பாட்டன் காலத்திலிருந்து நிலத்தை உழுது வருபவர், எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாதவர், எந்தப் பொய்யும் எழுதாதவர், அவரும் ஏக்கருக்கு 10 லட்சம் இழக்கிறார். அவருடைய நிலத்திற்குச் சாட்சி சொல்வது பிறர் எழுதிய பத்திரமே.

நல்ல வேளையாக, இதன் மறுபக்கமும் உண்மையே. ஆறு பத்திரங்களில் ஒன்று மாத்திரம் 12 லட்சம் என்று மெய்யாக எழுதப்பட்டிருந்தால், மேற்பாதி மூன்றின் சராசரி 8 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சமாக உயர்கிறது. இரண்டு பேர் மெய்யாக எழுதியிருந்தால் 10 லட்சத்து 33 ஆயிரத்துச் சொச்சம். மூன்று பேர் எழுதியிருந்தால் முழு 12 லட்சம். அதாவது, ஊரில் பாதிப் பேர் மெய்விலை எழுதினாலே ஊர் முழுவதும் மெய்விலை பெறுவதற்கு வழி ஏற்படுகிறது. "எல்லாரும் குறைத்துத்தான் எழுதுகிறார்கள், நான் ஒருவன் சரியாக எழுதி ஆவதென்ன?" என்று கேட்பவர்களுக்கு இக்கணக்கே விடையாகும்.

இதைக் கண்டு, மெய்விலையை மிஞ்சி எழுதலாம் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். உண்மை விலையைக் காட்டாதவை என்று கருதும் பத்திரங்களைத் தள்ளிவிட நில எடுப்பு அதிகாரிக்கு அதிகாரமுண்டு. முதல்நிலை அறிவிக்கை வந்தபின், அதில் குறித்த நிலத்தைத் தனி அனுமதியின்றிக் கைமாற்றுவதையும் சட்டம் தடுக்கிறது. கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிய விலையே பயன்படும்.

மற்ற நஷ்டங்கள்

நிலம் எடுப்பு எல்லா ஊர்களிலும் நேர்வதன்று என்று சிலர் கூறலாம். ஆயினும் குறைத்து எழுதுவதால் நேரும் கேடுகள் வேறும் உள. விற்றவரின் பாத்தியதையில் குறையிருந்து, நிலம் பிறர் வசமானால், வாங்கியவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டிவரும். அப்பொழுது அவர் கைவசமுள்ள பலமான ஆதாரம் பத்திரத்தில் கண்ட தொகையே. எழுதாத ஐந்து லட்சத்திற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதுதான். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

விற்பவரின் நிலையும் அவ்வாறே. கணக்கில் வராத ரொக்கத்தைப் பெற்றவர் அதைப் பாங்கியில் கட்டத் தயங்குகிறார். வீட்டில் வைத்து அஞ்சுகிறார். நிலக் கிரயத்திற்கென 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதல் கூடாதென்ற விதி 2015 ஜூன் 1 முதல் வருமானவரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மீறிப் பெற்றால் அபராதத்திற்கு இடமாகும். உண்மையில் கிராமத்துப் பயிர்நிலத்தை விற்கும் குடியானவருக்கு, விலையை மறைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. நகராட்சி முதலியவற்றின் எல்லையிலிருந்து, அவ்விடத்து ஜனத்தொகைக்குத் தக்கபடி 2, 6, 8 கிலோமீட்டர் என்று வகுத்துள்ள தூரத்திற்கு அப்பாலுள்ள பயிர்நிலம் வருமானவரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகக் கொள்ளப்படுவதில்லை. ஆதலின் அதனை விற்ற லாபத்திற்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகரத்தை அடுத்த நிலமாயின் வரி உண்டு. ஆனால் அங்கும், இன்று குறைத்து எழுதி வாங்கியவர் நாளை விற்கும்போது, எழுதிய குறைந்த விலையிலிருந்தே லாபம் கணக்கிடப்படுமாதலால், இல்லாத லாபத்திற்கும் சேர்த்து வரி கட்ட நேரும்.

பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 ரூபாய் குறைக்கப்பட்டது. இது நல்ல சலுகை. உண்மையாகவே அவ்வளவு மதிப்புள்ள நிலமாயின் இதனைப் பெறுதல் வேண்டும். இச்சலுகைக்காக 12 லட்சத்து நிலத்தை 10 லட்சமாக்குதல் தகாது.

நிலம் மட்டமாயின் என் செய்வது?

இனி இரண்டாவது விஷயம். வழிகாட்டிப் பட்டியலில் உயர்ந்த மதிப்பும், நிலத்தில் தாழ்ந்த குணமும் இருப்பதுண்டு. வாய்க்காலின் கடைமடையில் உவர் பூத்த நிலம், வண்டிப்பாதையில்லாமல் பிறர் வயல்களின் நடுவே சிக்கிய நிலம், கிணறு வற்றிய தோட்டம் ஆகியவை அண்டை நிலத்தின் விலைக்குப் போவதில்லை. இத்தகைய நிலத்தை வாங்குபவர், மெய்யான குறைந்த விலையை எழுதினால் சந்தேகத்திற்கு ஆளாவோமென்று அஞ்சி, அதிகத் தீர்வை கட்டிவிட்டுப் போகிறார். அவ்விதம் அஞ்ச வேண்டியதில்லை. ஆவணங்களுடன் வந்தால் போதும்.

1968-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, பத்திரங்களில் மதிப்புக் குறைத்தலைத் தடுக்கும் விதிகளில், நிலத்தை மதிப்பிடும்போது எவற்றைக் கருத வேண்டுமென்று 5-ஆம் விதியில் கூறப்பட்டிருக்கிறது. அதனைப் படிப்போர் அது உழவரின் அனுபவத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று வியப்பர். நஞ்சை, புஞ்சை, மானாவாரி என்ற வகை, செட்டில்மெண்டுக் கணக்கில் கண்ட தரம், தீர்வை விகிதம், அண்டை நிலங்களின் விலை, சராசரி மகசூல், சாலைக்கும் சந்தைக்கும் உள்ள தூரம், ஊர்நத்தத்திலிருந்து உள்ள தூரம், நிலத்தின் மேடு பள்ளம், ஏரி, கிணறு, பம்புசெட்டு முதலிய பாசன வசதி, விளையும் பயிரின் தன்மை, நிலம் எதற்காகப் பயன்படுகிறது என்பது ஆகிய யாவும் அதில் அடங்கும். கட்சிக்காரர்கள் எடுத்துக்காட்டும் விசேஷ காரணங்களையும் கவனிக்க வேண்டுமென்று அவ்விதி கூறுகிறது.

ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றைத் தேடி வைத்துக்கொள்வதே குடியானவர் செய்யவேண்டுவது. அவையாவன:

1. வகை, தரம், தீர்வை ஆகியவற்றுக்குக் கிராமத்து அ-பதிவேட்டின் சுருக்கமும் பட்டாவும்.

2. பயிரின் தன்மைக்கும், நிலம் தரிசாகக் கிடந்தமைக்கும் கடந்த மூன்று பசலிகளுக்குரிய அடங்கல் நகல். ஒரே ஆண்டின் அடங்கலைக் காட்டினால், மழை தவறிய ஆண்டென்று ஆட்சேபிக்க இடமுண்டு. பசலி ஜூலை 1-இல் தொடங்குவது. 2025 ஜூலை முதல் நடப்பது 1435-ஆம் பசலி.

3. பாசன வசதிக்கு, கிணறு பற்றிய அடங்கல் குறிப்பும் மின்இணைப்பு ரசீதும். கிணற்றில் பங்கு மாத்திரம் உண்டாயின் எத்தனையில் ஒரு பங்கு, எத்தனை நாளைக்கு ஒரு முறை இறைப்பு என்பது முந்திய பத்திரத்திலிருந்து.

4. பாதை, எல்லை, தூரம் ஆகியவற்றுக்கு நிலஅளவைப் புலப்படமும் கிராம வரைபடமும்.

5. மண்ணின் குணத்திற்கு மண் பரிசோதனை முடிவு. உவரும் களரும் கண்ணுக்குத் தெரிந்தாலும், கார அமில நிலையையும் உப்பின் அளவையும் எண்ணால் காட்டும் பரிசோதனைத் தாள் வாய்வார்த்தையினும் வலிது. மாதிரி எடுத்த சர்வே எண் அதில் தெளிவாய் இருத்தல் வேண்டும்.

6. அண்டை நிலங்களின் விலைக்கு, சமீபத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்கள். நிலங்களைப் பற்றிய பத்திரங்கள் பதிவாகும் முதற் புத்தகத்திலிருந்து எவரும் கட்டணம் செலுத்தி நகல் பெறப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

பத்திரம் மதிப்புத் தீர்மானத்திற்கு அனுப்பப்பட்டால், எழுதிக் கொடுத்தவருக்கும் எழுதி வாங்கியவருக்கும் தனித்துணை ஆட்சியரிடமிருந்து அறிவிப்பு வரும். அது கிடைத்த 21 நாட்களுக்குள் தமது கட்சியை எழுத்தில் கூறி, மேற்கண்ட சான்றுகளையும் சமர்ப்பிக்க வேண்டும். அறிவிப்பைப் பரண்மீது போட்டுவிட்டு, பின்னர் உத்தரவு வந்ததும் வருந்துபவர்கள் அநேகர். அந்த 21 நாட்களே குடியானவரின் பருவம். பருவம் தப்பினால் பயிர் தேறாது. உத்தரவினால் குறையுண்டென்று கருதுபவர், அதில் கண்ட கெடுவுக்குள் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குமேல் உயர் நீதிமன்றமும் உண்டு.

இன்னொரு சந்தர்ப்பத்தையும் தவறவிடலாகாது. வழிகாட்டி மதிப்பை வகுக்கவும் திருத்தவும் 2010-ஆம் ஆண்டின் விதிகளின்படி மதிப்பீட்டுக் குழுவும், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் துணைக்குழுவும் ஏற்பட்டுள்ளன. மதிப்பு திருத்தப்படும்போது வரைவுப் பட்டியல் வெளியிடப்பட்டு, பொதுமக்களின் ஆட்சேபணைகள் கோரப்படுகின்றன. பயிர்நிலம் மனையென்று குறிக்கப்பட்டிருப்பதையும், மானாவாரி நஞ்சை விலைக்கு வைக்கப்பட்டிருப்பதையும் அப்பொழுதே சுட்டிக்காட்டுதல் எளிது. கிராமத்தில் நாலு பேர் கூடி, தத்தம் சர்வே எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பத்திரத்தில் எழுதவேண்டிய விவரங்கள்

விலை மெய்யாயிருப்பதோடு, அந்த விலைக்குரிய காரணமும் பத்திரத்திலேயே விளங்க வேண்டும். நிலத்தை அடையாளம் காணப் போதிய விவரம் இல்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கலாகாது என்பது பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஆதலால் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றோடு பின்வருவனவற்றையும் சேர்த்தெழுதுதல் நலம்: நிலத்தின் வகை, கிணறும் அதிலுள்ள பங்கும், மின்இணைப்பு எண்ணும் மோட்டாரின் குதிரைத்திறனும், தென்னை, பனை, புளி முதலிய மரங்களின் எண்ணிக்கை, நடைபாதை வண்டிப்பாதை உரிமைகள். கிணறும் மோட்டாரும் நாற்பது தென்னையும் உள்ள தோட்டத்தை "புஞ்சை ஏக்கர் 1" என்று மாத்திரம் எழுதினால், விலை ஏன் உயர்ந்தது என்று பின்னால் ஒருவராலும் சொல்ல முடியாது. நிலம் எடுக்கப்படும் காலத்தில் மரத்துக்கும் கிணற்றுக்கும் தனியே இழப்பீடு கேட்பதற்கும் இவ்விவரம் துணையாகும்.

பரப்பு எழுதுவதில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். பழைய பத்திரங்களில் ஏக்கரும் சென்டும் இருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா, சதுர அடிக்கா என்று பாராமல் பெருக்கினால், மதிப்பு இரண்டரை மடங்கு பிசகிவிடும். பத்திரத்தின் பரப்பும் பட்டாவின் பரப்பும் புலப்படத்தின் பரப்பும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வாவிடில் முதலில் நிலத்தை அளந்துகொள்ள வேண்டும்.

கிரயத் தொகை எவ்விதம் செலுத்தப்பட்டது என்பதையும் பத்திரத்தில் விவரிக்க வேண்டும். முன்பணம் எந்தத் தேதியில், எந்தப் பாங்கியின் மூலம், எந்தக் காசோலை எண்ணால் கொடுக்கப்பட்டது. மீதி எவ்விதம் கொடுக்கப்படுகிறது என்று வரிசையாய் எழுதுக. பதிவு அதிகாரியின் முன்னிலையில் தொகை செலுத்தப்பட்டால் அவர் அதனைப் பத்திரத்தில் குறிக்க வேண்டுமென்பது 58-ஆம் பிரிவு. இதனினும் நல்ல ரசீது வேறில்லை. வில்லங்கச் சான்றையும், நிலம் கைமாறி வந்த மூலபத்திரங்களையும் பத்திரம் எழுதுவதற்கு முன்பே படித்துக்கொள்ள வேண்டும். கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதத்திற்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்தல் அவசியம்.

முடிவுரை

கிரயப் பத்திரம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் காகிதம் மாத்திரமன்று. நில எடுப்பு அதிகாரி, பாங்கி, நீதிமன்றம், நாளை நிலத்தைப் பங்கிடப்போகும் மக்கள் ஆகிய யாவருக்கும் அந்நிலத்தின் மதிப்பை எடுத்துரைக்கும் சாட்சி அது. உயர்ந்த நிலத்தை உயர்ந்த விலைக்கும், தாழ்ந்த நிலத்தைத் தாழ்ந்த விலைக்கும், உள்ளது உள்ளபடி எழுதி, அதற்குரிய அடங்கலையும் புலப்படத்தையும் மண் பரிசோதனைத் தாளையும் உடன் வைத்துக்கொள்பவருக்கு எந்தக் கச்சேரியிலும் அச்சமில்லை.

அடுத்த முறை பத்திரம் எழுதுமிடத்தில் "எவ்வளவு போடலாம்?" என்ற கேள்வி எழும்போது, 45,000 ரூபாயையும் 10 லட்சம் ரூபாயையும் ஒருசேர நினைவில் கொள்ளும்படி நமது குடியானவர்களை வேண்டிக்கொள்கிறோம். மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லை; பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை என்பர் பெரியோர். நிலக் கிரயத்தில் இது நீதிமொழியாக மாத்திரமன்றி, நல்ல கணக்காகவும் இருக்கிறது.